ஏ-வில் தொடங்கும் ஊர்

மலேசியாவில் புதிதாக வண்டி வாங்குகிறவருக்கு அரசாங்கம் பெரும்பாலும் எண்ணை மட்டும்தான் தருகிறது, பலகையைத் தருவதில்லை. சாலைப் போக்குவரத்து இலாகா ஒதுக்கிய எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, ஏதாவதொரு உதிரிப்பாகக் கடைக்குப் போய்ப் பலகை செய்து வாங்கி மாட்டிக்கொள்வது உரிமையாளரின் பாடு. வெளிநாட்டு நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். "அப்படியானால் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமே?" என்று கேட்கிறார்கள். செய்துகொள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன்.

சுங்கை சிப்புட்டில் அப்படிப்பட்ட கடைகளில் ஒன்று என் தாய்மாமாவுடையது. டயர், பேட்டரி, கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத்தாள், இருக்கை உறை எல்லாவற்றுக்கும் நடுவே, சுவரை ஒட்டி, சிறு சிறு இழுப்பறைகள் கொண்ட மர அலமாரி ஒன்று நிற்கும். ஒவ்வோர் இழுப்பறையிலும் ஓர் எழுத்து, அல்லது ஓர் இலக்கம். வெள்ளை பிளாஸ்டிக்கில், பின்புறம் பசையோடு. பள்ளி விடுமுறைகளில் அந்த இழுப்பறைகளில் எது காலியாகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முதலில் காலியாவது எப்போதும் ஏ. எங்கள் மாநிலமான பேராக்கில் பதிவாகும் சாதாரண வண்டி ஏ-வில்தான் தொடங்கும் என்பதால், மற்ற எழுத்து ஒரு பெட்டி வாங்கினால் ஏ பல பெட்டி வாங்க வேண்டும். ஐ, ஓ இரண்டுக்கும் இழுப்பறையே கிடையாது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் அவை வரிசையில் இல்லை. ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே இழுப்பறை போதும். தலைகீழாக்கி ஒட்டினால் தீர்ந்தது.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சாருக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. எல்ஃபில், ஹேவுட், டவன்பி, கமுனிங் என்று சுற்றிலும் தோட்டங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே தோட்டத் துரைமார் சுடப்பட்டதிலிருந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான நாட்டின் அவசரகாலம் தொடங்கியது என்று பாடநூலில் வரும். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் பேராளராக இருந்த தொகுதி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்தபின் வெளியூர் வாகனங்கள் ஊருக்குள் வருவது குறைந்துவிட்டது. ஆகவே மாமாவின் கடை முன் நின்று பார்த்தால் பெரும்பாலும் ஏ, ஏ, ஏ.

மற்ற மாநிலங்களின் எழுத்துகளைத் தமிழில் எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. சிலாங்கூரின் எழுத்தும் பினாங்கின் எழுத்தும் தமிழில் ஒரே 'பி'தான். கிளந்தானும் திரங்கானுவும் ஒரே 'டி'தான். எனவே இப்படிச் சொல்கிறேன்: ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கு எழுத்துகளும் முறையே பேராக், சிலாங்கூர், பகாங், கிளந்தான். கெடா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பினாங்கு, திரங்கானு ஆகியவை தத்தம் பெயரின் முதலெழுத்தையே வைத்திருக்கின்றன. பெர்லிசுக்கு ஆர். கோலாலம்பூருக்கு டபிள்யூ, கூட்டரசுப் பிரதேசத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான விலாயாவின் முதலெழுத்து அது. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரியும்வரை தலைநகரத்துக் கார்களும் சிலாங்கூர் எழுத்தில்தான் ஓடின. டபிள்யூவில் மூன்று எழுத்து வரிசைகளும் தீர்ந்துபோன பிறகு இலக்கத்துக்குப் பின்னாலும் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சில காலம் ஓட்டினார்கள். 2016-இல் தலைநகருக்கு வி வந்தது.

போர்னியோ தீவிலுள்ள சபாவும் சரவாக்கும் வேறு மாதிரி. அங்கே முதல் எழுத்து மாநிலத்தைக் காட்டும். இரண்டாம் எழுத்து அதற்குள் இருக்கும் பகுதியைக் காட்டும். சரவாக்கின் கியூவுக்குப் பின் எம் வந்தால் மீரி, எஸ் வந்தால் சிபு. சபாவின் எஸ்ஸுக்குப் பின் இன்னொரு எஸ் வந்தால் சண்டாக்கான். தீபகற்பத்தில் இந்த இரண்டாம் எழுத்துக்கு எந்த ஊரோடும் தொடர்பில்லை. ஒரு வரிசை தீர்ந்து அடுத்தது தொடங்கியது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். ஈப்போவில் பதிந்ததா, தைப்பிங்கில் பதிந்ததா என்று பேராக் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்சிக்கு எச் முன்னால் வரும், அதற்கடுத்து மாநில எழுத்து. பலகை மட்டும் வெள்ளை, எழுத்து கறுப்பு. இராணுவத்துக்கு இசட். தூதரக வண்டிகளுக்குச் சிவப்பு. சாதாரண மனிதனுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பழக்கம். அவன் ஊரில் 1970களிலேயே ஒளி பிரதிபலிக்கும் வெள்ளை, மஞ்சள் பலகைக்கு மாறிவிட்டார்கள், நாம் கறுப்பை விடவில்லை. எனக்குக் கறுப்புதான் பிடிக்கும். மழையிலும் சேற்றிலும் செம்பனை லாரிக்குப் பின்னால் போகிறவனுக்கு அது அவ்வளவாக உதவாது என்பது வேறு விஷயம்.

இந்த முறையில் நான் உண்மையாகவே மெச்சுவது ஒன்றுதான். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும் தனித்தனி வரிசை இல்லை. எல்லாருக்கும் ஒரே வரிசை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் கடன் வாங்கி எடுத்த கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளுக்கு இன்று ஓர் எண் கிடைத்தால், அதற்கடுத்த எண் தோட்ட மானேஜரின் புதிய மெர்சிடிசுக்குப் போகலாம். பலகையைப் பார்த்து வண்டியின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். அதில் இருக்கிறவரின் சம்பளத்தை ஊகிக்க முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே வீடுகள்கூடப் பதவிப்படி அடுக்கப்பட்டிருந்தன: மேட்டில் துரையின் பங்களா, கொஞ்சம் கீழே கிராணி எனப்படும் எழுத்தரின் வீடு, பள்ளத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம். எண் வரிசைக்கு மேடும் பள்ளமும் கிடையாது, வருகிற நேரம் மட்டுமே கணக்கு.

அந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. ஆங்கில எழுத்து 26-இல் ஐ, ஓ, இசட் மூன்றையும் கழித்தால் 23. முன்னெழுத்து மட்டும் உள்ள வரிசை ஒன்று. அதோடு இன்னோர் எழுத்து சேர்ந்தவை 23. இரண்டு எழுத்து சேர்ந்தவை 529. ஆக 553 வரிசைகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9999 வரை. முன்னால் பூஜ்யம் போடும் வழக்கம் இல்லை. பெருக்கிப் பார்த்தால் ஒரு மாநிலத்துக்கு 55 லட்சத்துக்குச் சற்று மேல். வீட்டுக்கு ஒரு கார், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் என்று ஓடுகிற நாட்டில், எல்லாம் ஒரே வரிசையில் நின்றால், அது தீர்ந்துபோகத்தான் செய்யும். தலைநகரத்துக்கு இரண்டாவது எழுத்து தேவைப்பட்டது இதனால்தான்.

பலகையின் வடிவத்துக்கும் விதி இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் பதிவு விதிகள் இன்றும் அடிப்படை. கார் என்றால் எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கோட்டின் தடிமன் 10. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 10, எழுத்துக் கூட்டத்துக்கும் இலக்கக் கூட்டத்துக்கும் இடையே 30. மாமாவின் மேசையில் இந்த அளவுகளுக்கு வெட்டிய ஒரு தகர அச்சு கிடக்கும். அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதே வாடிக்கையாளர்களின் முழுநேரத் தொழில். ஒருவருக்குச் சாய்ந்த எழுத்து வேண்டும். இன்னொருவருக்கு மெல்லிய எழுத்து. வேறொருவர் 1-ஐயும் 3-ஐயும் நெருக்கி ஒட்டச் சொல்வார். தூரத்திலிருந்து பார்த்தால் அது ஆங்கில இரண்டாம் எழுத்துபோலத் தெரியும், அதை வைத்து மகளின் பெயர் வந்துவிடும். "தம்பி, போலீஸ் நிறுத்தினால் மகள் பெயரைச் சொல்லியே அபராதம் எழுதுவான்" என்று மாமா சொல்வார். சொல்லிவிட்டுச் சில நேரம் ஒட்டியும் கொடுப்பார். கடை வாடகை அவருக்கும் இருக்கிறது.

எண் விஷயத்தில் எங்கள் ஊர் ஒரு நல்லிணக்க மாதிரி. சீனர்களுக்கு எட்டு என்றால் உயிர். செல்வத்தைக் குறிக்கும் சொல்லோடு அதன் ஓசை ஒத்துப்போகிறதாம். நாலு கூடவே கூடாது, அது மரணத்தின் ஓசை. தமிழர்களோ எட்டைக் கண்டால் ஓடுவார்கள், அது சனி. இலக்கங்களைக் கூட்டி ஐந்தோ ஆறோ ஒன்பதோ வந்தால் தேங்காய் உடைப்பார்கள். எட்டு வந்தால் கோயில் குருக்களிடம் பரிகாரம் கேட்பார்கள். ஒருவர் தள்ளுவதை மற்றவர் அள்ளுவதால் சண்டைக்கு இடமில்லை. எல்லாரும் சேருகிற இடம் ஒன்று உண்டு: விபத்து. சாலையில் ஒரு கார் நசுங்கிக் கிடந்தால், ஓட்டியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே நாலைந்து பேர் பலகையைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அன்று மாலை நாலு இலக்க லாட்டரி விற்கும் நாலு நம்பர் கடையில் அந்த எண்ணுக்கு வரிசை நிற்கும். மூன்று இலக்கமாக இருந்தால் முன்னால் பூஜ்யம் சேர்த்துக்கொள்வார்கள். இலாகா போடாத பூஜ்யத்தை ஜனங்கள் போட்டுவிடுகிறார்கள்.

இனி எனக்குக் கோபம் வருகிற பகுதி. எல்லாருக்கும் ஒரே வரிசை என்ற அழகான ஏற்பாட்டில் பணம் ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நல்ல எண் என்று கருதப்படுபவை ஏலத்துக்குப் போகின்றன. முன்பு விண்ணப்பத் தாளில் தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். 2019 முதல் இணையத்திலேயே ஏலம் கேட்கலாம். 2012-இல் கோலாலம்பூரின் மூன்று டபிள்யூ வரிசையில் முதல் எண்ணை ஜொகூர் சுல்தான் 5,20,000 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, எடுத்தார். அரசருக்கு அது அழகுதான், அரசாங்கத்துக்கு வருமானம். என் வருத்தம் சிறப்பு வரிசைகளைப் பற்றியது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக சுகோம் என்று ஒரு வரிசை. 2003 அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்காக ரோம எண்ணோடு ஒரு வரிசை. பூப்பந்துச் சங்கத்துக்காக பாம்பீ. புரோட்டோன் கார்களுக்காகப் பெர்டானா, வாஜா. நாட்டுப்பற்றைக் காட்ட பேட்ரியட். மாநில எழுத்து இல்லை, வரிசை ஒழுங்கு இல்லை, இதற்கு அடுத்து எது என்று யாரும் சொல்ல முடியாது. பாம்பீயின் கடைசி மூன்று எழுத்துகள் ஆங்கிலச் சிற்றெழுத்து வேறு. மாமாவின் அலமாரியில் சிற்றெழுத்துக்கு இடமே இல்லை, ஈப்போவிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. நாட்டின் மீது பற்று இருக்கிறவர் அந்தச் சொல்லைப் பணம் கொடுத்துப் பின்புறம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் ஊர் முழுக்க எழுத்துகள் கலந்துவிடும். டபிள்யூ, வி, சிலாங்கூர், ஜொகூர், பினாங்கு, நடுவே சிங்கப்பூர். சிங்கப்பூர்க் காரை எளிதில் அடையாளம் காணலாம்: எஸ்ஸில் தொடங்கி, ஓர் ஆங்கில எழுத்தில் முடியும். அந்தக் கடைசி எழுத்து அலங்காரம் அல்ல, சோதனை எழுத்து. முன்னெழுத்துகளில் கடைசி இரண்டை எண்ணாக மாற்றி, நான்கு இலக்கங்களோடு சேர்த்து, முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 19-ஆல் வகுத்தால் வரும் மீதி எந்த எழுத்து என்று தீர்மானிக்கிறது. ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினாலும் எழுத்து பொருந்தாது, பிழை பிடிபட்டுவிடும். நம் எண்ணில் அந்தக் காப்பு இல்லை. யாரோ பலகையைப் போலியாகச் செய்து ஓட்டினாலும், கான்ஸ்டபிள் 3-ஐ 8 என்று எழுதினாலும், சம்மன் சம்பந்தமில்லாதவர் வீட்டுக்கு வரும். தோட்டத்தை விட்டு வெளியே போகாத கப்சாய்க்கு ஜொகூரில் நெடுஞ்சாலையில் வேகமாக ஓடியதாகச் சம்மன் வந்த கதை எங்கள் ஊரில் உண்டு. வண்டிக்காரர் அதைச் சட்டம்போட்டு மாட்டி வைத்திருந்தார். "இந்த மோட்டார் 110-க்கு மேல் போனதாக அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது" என்று சொல்லி.

பெரியம்மா வீட்டு வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரும் உறவினர்கள் கணித்துக்கொள்வார்கள். அது தவறான கணிப்பு. எழுத்து, வண்டி முதன்முதலில் எங்கே பதிவானது என்பதை மட்டும் சொல்கிறது. கைமாறினாலும் ஊர் மாறினாலும் எண் மாறுவதில்லை. பழைய காராகச் சிலாங்கூரில் வாங்கிவந்தவர் இங்கேயே லயத்தில் இருக்கலாம். அடையாளக் கார்டும் அப்படித்தான். அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். என் தலைமுறையில் பாதிப் பேர் 08-ஐச் சட்டைப்பையிலும் வி-யைக் காரிலும் வைத்துக்கொண்டு, சிப்பாங்கிலோ ஷா ஆலாமிலோ வேலை செய்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வண்டிக்கு எண் வாங்குவது பெரிய காரியமில்லை. ஆளுக்கு எண் வாங்க முடியாமல் தோட்டங்களில் ஒரு தலைமுறையே அலைந்திருக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லை, அப்பா அம்மாவின் திருமணப் பதிவு இல்லை, குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அடையாளக் கார்டு குடிமக்களின் நீலமாக மாறவில்லை. 2011-இல் மைடஃப்தார் என்ற பெயரில் அரசாங்கமே முகாம் நடத்தி இந்தியர்களின் ஆவணச் சிக்கல்களைப் பதிவு செய்ய வேண்டிய அளவுக்கு அது பெருகியிருந்தது. லயத்தில் ஒரு கிழவி இருந்தார். மகன் வாங்கிய மோட்டார் சைக்கிளின் கிராண்ட், அதாவது பதிவுப் பத்திரம், அவருடைய தகரப் பெட்டியில்தான் இருக்கும். அவர் பெயருக்கென்று அந்தப் பெட்டியில் இருந்தது மங்கிய சிவப்பு அட்டை ஒன்று மட்டும்.

மாமாவின் தொழிலுக்கு இப்போது புதிய கவலை வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் மின்சாரக் கார்களுக்கு அரசாங்கமே பலகை கொடுக்கத் தொடங்கியது: வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, விலை 98 வெள்ளி. ஜெர்மனியில் பயன்படுத்தும் எழுத்துரு. ஓர் எழுத்தைத் திருத்தி இன்னோர் எழுத்தாக்க முடியாதபடி வரையப்பட்டது. நாளைக்கு எல்லா வண்டிக்கும் வந்தால் அலமாரியை என்ன செய்வது என்று கேட்டேன். "ஆறும் ஒன்பதும் தனித்தனியாகச் செய்கிறானா, பார்த்தாயா?" என்றார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடைசியாகப் பெரியப்பாவின் கப்சாய். தோட்டத்துக் கிராணி ஓய்வு பெற்றபோது விற்றுவிட்டுப் போன வண்டி. ஏ-வோடு இன்னோர் எழுத்து, பின்னால் இரண்டே இலக்கம். பெரியப்பா அதில் செம்பனைக் காட்டுக்கு மருந்து தெளிக்கும் தோம்பு கட்டிக்கொண்டு போவார். இப்படிப்பட்ட பழைய எண்களைத் தேடித் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் தரகர்கள் உண்டு. வண்டியைப் பெயர் மாற்றி வாங்கி, எண்ணைப் பிரித்துப் புதிய காருக்கு ஏற்றிவிடுவார்கள். வண்டி பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஈப்போவில் ஒரு தவுக்கேவுக்காக, அதாவது சீன முதலாளிக்காக, அப்படி ஒருவர் வந்தார். பெரியப்பா அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"எண்ணுக்கு மட்டுமா இவ்வளவு?"

"எண்ணுக்கு மட்டும்தான் அண்ணே. வண்டி யாருக்கு வேண்டும்?"

"எனக்கு வேண்டும். எண்ணை எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து என் பெயருக்கே மாற்றிக் கொடு. அந்தச் செலவும் உன்னுடையது."

தரகர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் வண்டி திரும்பி வந்தது. தவுக்கேயின் புதிய காருக்குக் கவுண்டரில் வரிசைப்படி விழுந்திருந்த எண் இப்போது கப்சாய்க்கு; மூன்று எழுத்து, நான்கு இலக்கம், அவற்றில் இரண்டு நாலு. அந்த எண் தன் காரை விட்டுப் போனதில் தவுக்கேவுக்கு அத்தனை நிம்மதி என்று தரகரே சொல்லிச் சிரித்தார்.

பலகை ஒட்ட மாமாவிடம் கொண்டுபோனோம். மாமா இழுப்பறையிலிருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க, பெரியப்பா விரல்விட்டுக் கூட்டினார். நாலும் நாலும் எட்டு, ஒன்று, ஐந்து. பதினாலு. ஒன்றும் நாலும் ஐந்து.

"ஐந்தா? புதன்!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த தரகரைக் கண்ணால் காட்டினார். "அந்த ஆளிடம் சொல்லிவிடாதீர்கள். இதற்கும் சேர்த்துக் காசு கேட்பான்."